ஆன்டிகுவாவில் ஒரு பகல்: பட்டியலும் கின்கெய்டும்

கரீபியன் கடலில் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்காக எழுதப்படும் "இந்தத் துறைமுகத்தில் இறங்கினால் என்ன செய்யலாம்" வகைப் பட்டியல்களை யாரும் ஒரு எழுத்தாக மதித்து விமர்சிப்பதில்லை. விமர்சிக்க வேண்டும் என்பது என் கட்சி. வால்காட்டையும் நைபாலையும் படித்தவர்களைவிட இந்தப் பட்டியல்களைப் படித்தவர்கள் பல மடங்கு இருப்பார்கள். அந்தத் தீவுகள் எப்படிப்பட்டவை என்ற படத்தை அவர்கள் மனதில் வரைவது இந்த எழுத்துதான். அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்களும் விடுமுறைக்கு மயாமியிலோ கால்வெஸ்டனிலோ கப்பல் ஏறுகிறார்கள். இதே பட்டியல்கள் தமிழில் காணொளியாகவும் வரத் தொடங்கிவிட்டன.

ஒரே ஒரு துறைமுகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஆன்டிகுவா தீவின் தலைநகர் செயின்ட் ஜான்ஸ். காரணம், அந்த ஊரில் 1949-ல் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் எழுதிய 'எ ஸ்மால் பிளேஸ்' என்ற சிறிய நூல். (ஜமைக்கா என்பது அவர் எழுத்துக்காக வைத்துக்கொண்ட பெயர். அந்த நாட்டுக்காரர் அல்ல.) 1988-ல் வந்தது, எண்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதைப் பொதுவாகக் காலனியம் பற்றிய கோபக் கட்டுரை என்பார்கள். நான் அதைப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதுவும் ஒரு பட்டியல்தான் என்று தோன்றியது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாத ஒரு பட்டியல்.

முதலில் வழக்கமான பட்டியலைப் பார்த்துவிடலாம். கப்பல் காலையில் வந்து கட்டும், மாலையில் கிளம்பும். கிளம்புவதற்கு அரை மணி முன்பாவது ஏறிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது ஏழெட்டு மணி நேரம். அதற்குள் டிக்கின்சன் பே கடற்கரை, தீவின் மறுகோடியில் இருக்கும் நெல்சன்ஸ் டாக்யார்ட், அதற்கு மேலே ஷெர்லி ஹைட்ஸ் குன்று, கடலில் திருக்கை மீன்களோடு நீச்சல், காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போவது, கப்பலிலிருந்து இறங்கியதுமே ஹெரிடேஜ் கீயில் வரியில்லாக் கடைகள். எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஏறக்குறைய இவைதான், வரிசைதான் மாறும். "365 கடற்கரைகள், நாளுக்கு ஒன்று" என்ற வாக்கியமும் தவறாமல் இருக்கும். ஒரு பகல் மட்டும் இருக்கப்போகிறவரிடம் ஆண்டுக் கணக்கு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இடங்களில் எனக்குக் குறை இல்லை. வாக்கியங்களைப் பாருங்கள். எழுவாய் எப்போதும் "நீங்கள்". நீங்கள் நீந்தலாம், நீங்கள் சுவைக்கலாம், நீங்கள் வாங்கலாம். ஊர்க்காரர் எழுவாயாக வரும் வாக்கியம் அரிது. வந்தால் பெயரடையோடு வருவார்: நட்பானவர், சிரித்த முகம் கொண்டவர். டாக்ஸி ஓட்டுநர் ஒரு கட்டணமாக வருகிறார். தூரமெல்லாம் கப்பலிலிருந்து அளக்கப்படுகிறது. "ஐந்து நிமிட நடை" என்றால் கப்பலிலிருந்து ஐந்து நிமிடம் என்று அர்த்தம். காலையில் வந்து மாலையில் போய்விடும் பொருள் ஒன்று, அந்த ஏழு மணி நேரத்துக்கு ஊரின் நடுமையம் ஆகிவிடுகிறது.

இதில் ஒரு பகுதி நியாயம்தான். கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவில் போனால், வண்டி தாமதமானாலும் கப்பல் நிற்கும் என்ற உத்தரவாதம் உண்டு. தனியாகப் போய் மாட்டிக்கொண்டால், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் காசில் விமானம் பிடிக்க வேண்டியதுதான். அந்தப் பயம் உண்மையானது. அந்தப் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரமும் உண்மையானது. பட்டியல் பயத்தைச் சொல்லும், வியாபாரத்தைச் சொல்லாது.

சொல்லாமல் விடும் இன்னொன்று, கப்பல் ஏன் நிற்கிறது என்பது. பயணிக்கு ஊர் காட்டத்தான் என்று நாம் நினைக்கிறோம். அதுவும் ஒரு காரணம். ஆனால் அமெரிக்காவில் 1886-ல் வந்த ஒரு சட்டம் இன்னும் இருக்கிறது: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. மயாமியில் ஏறி மயாமியிலேயே இறங்கும் பயணம் சட்டப்படி செல்ல வேண்டுமானால், நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதாவது எந்தத் தீவும் இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை. தீவு கப்பலுக்குச் செய்யும் உபகாரம் இது. பட்டியலின் தொனியில் அது தலைகீழாகி, கப்பல் தீவுக்கு வந்து அருள்பாலிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

கடைகளின் கதையும் இதே மாதிரிதான். கப்பலில் "பரிந்துரைக்கப்பட்ட கடைகள்" என்று ஒரு வரைபடம் தருவார்கள். எங்கே தங்கம், எங்கே வைரம் என்று விளக்கிப் பேசவே ஒரு ஆள் இருப்பார். அந்தக் கடைகள் அதில் இடம்பெற விளம்பரக் கட்டணம் செலுத்துகின்றன என்பது அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கரீபியன் தீவுக்கு வந்து ஏன் வைரம் வாங்க வேண்டும்? அமெரிக்கச் சுங்கத்தில் பொதுவாக 800 டாலர் வரைக்கும் வரிவிலக்கு, செயின்ட் தாமஸ் போன்ற அமெரிக்க வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தால் 1,600 டாலர். ஆன்டிகுவாவில் வைரம் விளைவதில்லை. கப்பல் கட்டும் இடத்தில் வரிவிலக்கு விளைகிறது, அவ்வளவுதான். செயின்ட் ஜான்ஸ் கப்பல் துறையை 2019-லிருந்து முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் நடத்துவதும் குளோபல் போர்ட்ஸ் ஹோல்டிங் என்ற பன்னாட்டு நிறுவனம். ஆக, பயணி கால் வைக்கும் முதல் நூறு மீட்டர் ஆன்டிகுவாவா என்பதே ஒரு கேள்வி.

இனி கின்கெய்ட். அவர் நூலும் "நீங்கள்" என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் ஆன்டிகுவாவுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனால் இதைப் பார்ப்பீர்கள், அதைப் பார்ப்பீர்கள் என்று சுற்றுலாக் கையேட்டின் குரலிலேயே அழைத்துப் போகிறார். விமானத்தில் இறங்குகிறீர்கள், டாக்ஸி ஏறுகிறீர்கள். மழை இல்லை, வெயில் அடிக்கிறது, உங்களுக்கு மகிழ்ச்சி. கையேடு இங்கே முற்றுப்புள்ளி வைக்கும். கின்கெய்ட் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார்: ஆறே இல்லாத, அடிக்கடி வறட்சி தாக்கும் தீவு இது. இங்கே வாழ்கிறவருக்கு அந்த வெயில் என்ன, ஒவ்வொரு சொட்டு நன்னீரையும் எண்ணிச் செலவழிப்பது என்ன என்று உங்களுக்குத் தோன்றவில்லை. டாக்ஸி புது ஜப்பானியக் கார். நல்லது. கடனில் வாங்கிய கார், வீடோ அதற்கு ஈடாக இல்லை. கடல் நீலமாக இருக்கிறது. கழிப்பறை நீர் எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? ஒழுங்கான கழிவுநீர் ஏற்பாடு இல்லை. நீங்கள் கால் நனைக்கும் அதே கடல்தான்.

நூலின் உத்தியே இதுதான். ஒவ்வொரு காட்சியையும் கையேடு விட்ட இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி தள்ளுவது. 'தி நியூ யார்க்கர்' இதைப் பிரசுரிக்க மறுத்தது, கோபம் அதிகம் என்று. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் என்று மட்டும் படித்தால் அதன் துல்லியம் தவறிப்போகும். தண்ணீர், கடன், சாக்கடை, நூலகம் என்று அவர் எடுத்துக்கொள்வதெல்லாம் நகராட்சிக் கூட்டத்தில் பேசவேண்டிய விஷயங்கள். நூலகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். செயின்ட் ஜான்ஸ் பொது நூலகம் 1974 நிலநடுக்கத்தில் சேதமானது. பழுதுபார்ப்பு நிலுவையில் இருப்பதாக ஒரு அறிவிப்புப் பலகை ஆண்டுக்கணக்கில் தொங்கியதையும், நூலகம் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியேறியதையும் கின்கெய்ட் எழுதுகிறார். புதிய கட்டடம் 2014-ல்தான் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டு! இடைப்பட்ட காலத்தில் அதே ஊரில் கப்பல்களுக்கான துறை விரிவாகிக்கொண்டே இருந்தது. எது அவசரம், எது நிலுவை என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இங்கே தமிழில் படிக்கிற ஒருவருக்கு மட்டும் வரக்கூடிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் மொழிபெயர்த்தால் நீயா, நீங்களா? நூலின் போக்கில் அந்தப் பயணியை அசிங்கமானவர் என்றே கின்கெய்ட் சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் கை தானாக 'நீ'க்கு இறங்கப் பார்க்கும். இறங்கினால் நூல் கெட்டுவிடும் என்று நினைக்கிறேன். 'நீ' வந்தவுடனே அது சண்டையாகிவிடும். 'நீங்கள்' வரைக்கும் அது உபசரிப்பு. வீட்டுக்கு வந்த வேண்டாத விருந்தாளியிடம் "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் மரியாதை காட்டி உள்ளுக்குள் அவரை நடுங்க வைக்கும் பெரியம்மாக்களை நமக்குத் தெரியும். கின்கெய்டின் குரல் அந்தக் குரல். சுற்றுலாத் தொழிலே தீவுக்காரரிடம் அந்த 'நீங்க'ளைத்தான் எதிர்பார்க்கிறது. அதையே எடுத்து அவர் திருப்பிக் கொடுக்கிறார். ஆகவே கடைசிப் பக்கம் வரை 'நீங்கள்' என்றே இருக்கட்டும்.

அப்படியானால் தமிழ் வாசகர் அந்த 'நீங்க'ளுக்குள் இருக்கிறாரா? நூலில் அந்தப் பயணி வட அமெரிக்கர் அல்லது ஐரோப்பியர், வெள்ளையர் என்று தெளிவாகவே இருக்கிறது. நாம் தப்பித்தோம் என்று நினைக்கலாம். ஆனால் அதே நூலில், எந்த ஊர்க்காரரும் ஒரு சாத்தியப் பயணிதான், பெரும்பாலோருக்குக் கிளம்பிப் போகக் காசில்லை, அதுதான் வித்தியாசம் என்ற பொருளில் ஒரு இடம் வருகிறது. டிக்கெட் கிடைத்துவிட்ட ஊர்க்காரர் நாம். அந்த இடத்தில் என்னால் நகர முடியவில்லை.

கப்பல் பயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் மிகவும் பேசப்பட்ட கட்டுரை டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் எழுதியது. 1996-ல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் வந்து, அடுத்த ஆண்டு விரிவாக நூலில் சேர்ந்தது. ரொம்பச் சிரிக்க வைக்கும் எழுத்து. கப்பலில் பயணியைச் செல்லம் கொஞ்சிக் கொஞ்சிக் குழந்தையாக்குவதை அவரைப்போல் யாரும் எழுதியதில்லை. ஆனால் அதில் துறைமுகம் கிடையாது. கோசுமேலில் கப்பல் நிற்கும்போது அவர் இறங்காமல் மேல்தளத்திலிருந்து, கீழே மந்தைபோல் இறங்கிப் போகும் சக அமெரிக்கர்களைப் பார்த்துக் கூசிப்போகிறார். கூச்சம் நேர்மையானது. ஆனாலும் கரை அங்கே வெறும் பின்திரைதான். தன்னைப் பற்றி எவ்வளவு கூர்மையாக வெட்கப்பட்டாலும் ஊர் கண்ணில் படாமல் போகலாம். இந்த விஷயத்தில் அவர் கட்டுரைக்கும் மலிவுப் பட்டியலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னால் அவருடைய ரசிகர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும்.

கின்கெய்டிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவருடைய பயணி எதைச் செய்தாலும் தப்பு. பார்த்தாலும் தப்பு, பார்க்காவிட்டாலும் தப்பு. வாதமாக அது சரி. ஆனால் காலை ஒன்பது மணிக்கு நிஜமாகவே துறையில் நிற்கும் ஆளுக்கு அது எதையும் சொல்வதில்லை. அவர் எழுதியதோ விமானத்தில் வந்து விடுதியில் தங்கும் பயணியைப் பற்றி. கப்பல்காரர் ஊரில் தூங்குவதுகூட இல்லை. சாப்பாடு கப்பலில், ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. ஷெர்லி ஹைட்ஸில் ஞாயிறு மாலைகளில் ஸ்டீல்பேண்ட் இசையோடு நடக்கும் கூட்டம் பெயர்போனது, பொழுது சாய்ந்து அது களைகட்டும் நேரத்தில் பகல் கப்பல்கள் கிளம்பியிருக்கும்.

சரி, அப்ப என்னதான் செய்யறது? என் அளவுகோல் ஒன்றுதான்: கப்பலே வராத நாளிலும் ஊர்க்காரருக்கு அந்த இடத்தில் வேலை இருக்கிறதா?

இதை வைத்துப் பார்த்தால் முதலில் நிற்பது ஆன்டிகுவா ரெக்ரியேஷன் கிரவுண்ட். துறையிலிருந்து (பாருங்கள், நானும் கப்பலிலிருந்துதான் அளக்கிறேன்) நடந்தே போகலாம். ஊருக்கு நடுவில், சிறைச்சாலையை ஒட்டி இருக்கும் பழைய மைதானம். ஆடுகளத்தைத் தயார்செய்யக் கைதிகள் வந்து உதவிய காலம் உண்டு. 1986-ல் விவியன் ரிச்சர்ட்ஸ் சொந்த ஊரில் இங்கிலாந்துக்கு எதிராக 56 பந்தில் சதம் அடித்தது இங்கே. லாராவின் 375 இங்கே, 2004-ல் அதே லாராவின் ஆட்டமிழக்காத 400-ம் இங்கே. 2003-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 418 ரன்னைத் துரத்திப் பிடித்த ஆட்டத்தில் சதம் அடித்த இருவர் சர்வனும் சந்தர்பாலும். கயானாவுக்குக் கரும்பு வெட்டப்போன இந்தியர்களின் வம்சம். 2002-ல் உடைந்த தாடையில் கட்டுப்போட்டுக்கொண்டு கும்ப்ளே பந்துவீசி லாராவை எல்பிடபிள்யூ எடுத்தாரே, அந்தத் தொலைக்காட்சிப் படத்தில் பின்னால் தெரிவதும் இந்த மைதானம்தான். அந்தப் படம் நம்மில் எத்தனை பேர் மனதில் இருக்கிறது, அந்த ஊர்ப் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம்?

2007 உலகக் கோப்பைக்காகச் சீன உதவியில் ஊருக்கு வெளியே புது அரங்கம் கட்டினார்கள். 2009-ல் அங்கே நடந்த டெஸ்ட், மணல் கொட்டிய தரையில் வீச்சாளர்கள் ஓடவே முடியாமல், பத்துப் பந்தோடு கைவிடப்பட்டது. அவசரமாக அடுத்த டெஸ்டை எங்கே நடத்தினார்கள்? பழைய மைதானத்தில்தான். வெளியாருக்காகக் கட்டிய இடத்துக்கும் ஊர் தனக்காக வைத்திருந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்தது சந்தை, மார்க்கெட் தெருவின் தெற்குக் கோடியில். நாட்டின் சின்னத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன அன்னாசி, கறுப்பு அன்னாசி என்பார்கள், இங்கே கிடைக்கும். சோளமாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டும் ஃபூஞ்சி நம் களியேதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காயும் துருவி வாழையிலையில் கட்டி வேகவைக்கும் டுகானாவை இலையடை என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதைக் கருவாட்டு வகையறாவான உப்புமீனோடு சாப்பிடுவதைத்தான் பார்த்துப் பழக வேண்டும். லாங் தெருவில் 1750-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் ரிச்சர்ட்ஸின் மட்டை இருக்கிறது. பழங்குடிகளின் பானைகளும் கரும்புத் தோட்ட வரலாறும் அதே கூரையின் கீழ்.

நெல்சன்ஸ் டாக்யார்டுக்குப் போக வேண்டாமா? போகலாம். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், அழகான இடமும்கூட. பெயரை மட்டும் கவனியுங்கள். நெல்சன் 1780-களில் சில ஆண்டு அங்கே இருந்தார், இருந்த இடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அந்தக் கல்லையும் மரத்தையும் சுமந்து கட்டிய அடிமை ஆப்பிரிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள், பெயர் நெல்சனுக்கு. 1736-ல் தீவு முழுக்க எழுச்சிக்குத் திட்டமிட்டதாகப் பிடிபட்ட கோர்ட் என்ற அடிமைத் தலைவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை உடைத்துக் கொன்றார்கள். அந்த வழக்கில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 88 பேர். செயின்ட் ஜான்ஸில் அவருக்குச் சிலை இருக்கிறது, பட்டியல்களில் அநேகமாக இருக்காது. தெருக்களுக்கு ஆங்கிலக் கடற்படைத் தளபதிகளின் பெயர் வைத்ததைப் பற்றிக் கின்கெய்ட் எழுதியிருக்கும் பக்கத்தை டாக்யார்டுக்குப் போகும் டாக்ஸியில் படித்துக்கொண்டு போனால் பயணம் வீணாகாது.

கடைசியாக, இதே துறையில் இதே ஏழு மணி நேரத்துக்குள் நடக்கும் இன்னொரு பட்டியல். கப்பலின் ஊழியர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியர்கள், இந்தியர்கள். வேலை நேரம் போக அவர்களுக்குக் கரையில் கிடைப்பது சில சமயம் இரண்டு மணி, சில சமயம் அதுவும் இல்லை. துறைமுகங்களில் அவர்கள் தேடுவது இலவச வைஃபை உள்ள ஒரு கடை, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கவுண்டர், சோப்பு, ஷாம்பு, முடிந்தால் கொஞ்சம் சோறு. ஊரில் அப்போது மணி என்ன, பிள்ளை தூங்கியிருக்குமா என்று கணக்குப் போட்டு வீடியோ அழைப்பு போடுவார்கள். எந்தக் கடையில் வைஃபை நன்றாக வரும், எங்கே அனுப்புக் கட்டணம் குறைவு என்பது ஒரு ஒப்பந்தக்காரரிடமிருந்து அடுத்தவருக்கு வாய்வழியாகவே போகிறது. இதுவும் "துறைமுகத்தில் என்ன செய்யலாம்" பட்டியல்தான். தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது இதை எழுதி வைத்திருந்தால் படிக்க ஆசை.